பெரிய குவியலுக்கு நல்ல விலை

செஞ்சி கமிட்டியில் முப்பத்தொரு வருஷம் நெல் பார்த்தவன் நான். கமிட்டி என்று நாங்கள் சொல்வது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை. விவசாயிகள் காலையில் மூட்டைகளை இறக்கி, நெல்லைக் குவியல் குவியலாகக் கொட்டி வைப்பார்கள். வியாபாரிகளின் ஆட்கள் குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, அரிசியின் நிறத்தைப் பார்த்துச் சீட்டில் விலை எழுதிப் போடுவார்கள். எந்தச் சீட்டில் விலை அதிகமோ அவருக்கு நெல். ஓர் அரிசி ஆலை முதலாளிக்காக அந்தச் சீட்டை எழுதியவன் நான். கையை விட்டாலே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவான் என்று எனக்கு ஊரில் பேர். அந்தப் பேர்தான் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கமிட்டிக்கு வருகிற எவருக்கும் தெரியும், சின்னக் குவியலுக்கு விலை வராது. ஆறு மூட்டை கொண்டுவந்தவனின் நெல் பொன்னாகவே இருக்கட்டும். அதற்கென்று தனியாகச் சாக்குப் பிடிக்க வேண்டும், தனியாக எடை போட வேண்டும், லாரியில் தனியாக அடுக்க வேண்டும். எவனுக்கு இருக்கிறது பொறுமை? பல நாள் நான் கையைக்கூட விடாமல் ஒரு மட்டமான விலையை எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறேன். நூறு மூட்டைக் குவியலைச் சுற்றித்தான் ஆள் நிற்கும். அதனால் சிங்கவரத்திலிருந்தும் தளவானூரிலிருந்தும் வருகிற சின்ன விவசாயிகள், ஒரே ரகமாக இருந்தால், நாலைந்து பேராகச் சேர்த்துக் கொட்டிவிடுவார்கள். வரப்புத் தகராறில் வருஷக் கணக்காக முகம் பார்க்காத பங்காளிகள்கூட விலைக்காக ஒரே குவியலாகக் கொட்டியதைப் பார்த்திருக்கிறேன். பெரியதோடு சேர்ந்தால் நல்ல விலை என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, சொல்லிக் கொடுக்க வேண்டியும் இருக்கவில்லை.

என் தங்கையின் வீட்டுக்காரர் புதுச்சேரிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தார். கிணற்று மோட்டாருக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனி. அது பங்குச் சந்தைக்கு வந்தபோது தொழிலாளிகளுக்குக் குறைந்த விலையில் ஷேர் கொடுத்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் பலர் சீக்கிரமே விற்று பைக் வாங்கினார்கள். இவர் விற்கவில்லை. போனஸ் வந்தால் இன்னும் கொஞ்சம் வாங்கி வைப்பார். சாப்பிடும்போதெல்லாம் கம்பெனிக் கதைதான் பேசுவார் என்று தங்கை அலுத்துக்கொள்வாள். நாற்பத்தாறு வயதில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

தங்கையும் அவள் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். பின்பக்க அறையை ஒழித்துக் கொடுத்தோம். ஒழித்துக் கொடுத்தோம் என்று எழுதும்போதே அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெருமை எனக்குத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் கால் கடுக்க நின்றது நான். அந்த ஷேர்களை அவள் பேருக்கு மாற்ற அலைந்தது நான். போகிற வருகிற இடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்ததும் நான்தான்.

என் மனைவி கெட்டவள் இல்லை. ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனாலும் ஓர் அடுப்புக்கு இரண்டு பெண்கள் என்றால் அதில் ஒருத்தி விருந்தாளியாகத்தான் இருக்க முடியும். தங்கை மிக்சி போடுவதற்கு முன்னால் "போட்டுக்கட்டுமா அண்ணி?" என்று கேட்பாள். ஐந்து வருஷமும் கேட்டாள். அவள் மகள் டிவி பார்க்கக் கூடத்துக்கு வந்தால், நாங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே பெண்ணைக் கண்ணால் உள்ளே போகச் சொல்லிவிடுவாள். இதையெல்லாம் அடக்கமான குணம் என்று நான் நினைத்தேன்.

அவள் கடைத்தெருவில் ஒரு டெய்லர் கடைக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. சிங்கவரம் போகிற சாலையில் ஒருவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற நிலத்தில் ஓரமாக ஒரு பகுதியை மனையாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். அதில் இரண்டு சென்ட். தை மாதம் வரைக்கும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று அவர் அவளிடம் வாய்வார்த்தை சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மண்ணில் நின்றுவிட்டு வருவாள். தையல் மெஷின் எந்தச் சுவர் ஓரம், ஜன்னல் எந்தப் பக்கம் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தாள். யாரையும் கேட்காமல் மிக்சி போடுகிற ஒரு வீடு. அதற்கு அவளிடம் இருந்தது அந்த ஷேர்கள் மட்டும்தான். அவற்றின் அன்றைய விலைக்கு மனையில் முக்கால்வாசி வரும். மிச்சத்தைத் தைத்து அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

புரட்டாசி மாதம் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. வடக்கே இருக்கிற ஒரு பெரிய மோட்டார் கம்பெனி, என் தங்கையின் அந்தச் சின்னக் கம்பெனியை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறதாம். உறுதியில்லை, பேச்சு நடக்கிறது என்று மட்டும் போட்டிருந்தது. அந்தப் பெரிய கம்பெனியின் மோட்டார் ஓடாத கிணறு எங்கள் பக்கத்தில் குறைவு. செய்தி வந்ததும் சின்னக் கம்பெனியின் ஷேர் கொஞ்சம் ஏறியது. நான் ஆலை ஆபீசில் பேப்பரை மடித்து வைத்தபோதே முடிவு செய்துவிட்டேன். ஏறிய விலைக்குச் சின்னதை விற்றுவிட்டு, அத்தனை பணத்துக்கும் பெரியதை வாங்கிவிட வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தினாள். கையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வாங்குறவன்தானேண்ணா காசு குடுப்பான்? அப்போ நம்ம கையில இருக்குறதுக்குத்தானே அவன் வெல குடுக்கணும்? அத இன்னாத்துக்கு இப்போ விக்கிறது?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஒன்பதாவதோடு நின்றவள், ஷேரைப் பற்றி எனக்குச் சொல்கிறாளே என்று ஒரு இளக்காரம். கூடத்தில் உட்கார வைத்து அரைமணி நேரம் பாடம் நடத்தினேன். கமிட்டிக் குவியல் கதையைத்தான் சொன்னேன். ஆறு மூட்டைக்காரன் தனியாக நின்றால் என்ன விலை, நூறு மூட்டையோடு சேர்ந்தால் என்ன விலை? பெரிய கம்பெனி இதை விழுங்கிவிட்டால் சின்னது கரைந்து போகும், பெரியது இன்னும் பெரியதாகும். அப்போது பெரியதன் ஷேர் நம் கையில் இருக்க வேண்டுமா, கரைந்து போகிறதன் ஷேர் இருக்க வேண்டுமா? அப்படியே ஏதாவது ஆனாலும் யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்றேன். என் மனைவி வாசற்படியில் நின்று தலையாட்டினாள். அதுவும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தங்கை எழுந்து, கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டாள். பிறகு, "நீ சொன்னா சரியாத்தாண்ணா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் காலை ஆலை வாசலில் நின்றபடியே என் போனிலேயே இருந்த அவள் கணக்கிலிருந்து அத்தனையையும் விற்றேன். அடுத்து பெரியதை வாங்கினேன். நல்ல காரியம் செய்த திருப்தியில் அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன்.

இரண்டு வாரம் கழித்துச் செய்தி உறுதியானது. சின்னக் கம்பெனியின் முதலாளி குடும்பத்திடமிருந்து அவர்கள் பங்கைப் பெரிய கம்பெனி வாங்குகிறது. அப்படி வாங்கினால் வெளியே ஷேர் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு விலை சொல்லி, விருப்பம் இருந்தால் கொடுங்கள் என்று கேட்க வேண்டும் என்பது சட்டம். அவர்கள் சொன்ன விலை, நான் விற்ற விலையைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேலே. ஒரு நாளில் ஒரு ஷேர் இவ்வளவுதான் ஏறலாம் என்று சந்தையில் ஒரு வரம்பு இருக்கிறது. சின்னக் கம்பெனியின் ஷேர் காலையில் திறந்ததும் அந்த வரம்பைத் தொட்டு நின்றுவிட்டது. வாங்க ஆயிரம் பேர், விற்க ஆள் இல்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

பெரியது? அது ஏறவில்லை. இறங்கியது. தலைகுப்புற விழுந்திருந்தால்கூட ஒரு மாதிரி ஆறியிருப்பேன், யாரோ சதி செய்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அது நிதானமாக நாளுக்குக் கொஞ்சமாக இறங்கி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. யானை படுத்தது, அவ்வளவுதான். குதிரை மட்டமாக இருந்து எங்களுக்கு என்ன ஆயிற்று?

உரக்கடை மாடியில் ஒரு ஷேர் ஆபீஸ் இருக்கிறது. அதை நடத்துகிற அம்மாவுக்கு என் வயது இருக்கும். அவரிடம் போய் இது என்ன அநியாயம் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு, நான் அடங்கும்வரை கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

கொடுக்கப்படுகிற பணம் ஒன்றுதான், ஆனால் அது விழுகிற இடம் வேறு என்றார். சின்னக் கம்பெனிக்கு அந்தப் பணம் அதன் மொத்த மதிப்பையே புரட்டிப் போடுகிற அளவு. பெரிய கம்பெனியின் கணக்கில் அது ஒரு மூலை. வாங்கியது அருமையான கம்பெனியாகவே இருந்தாலும் பெரியதன் ஷேரில் அது கண்ணுக்குத் தெரியாது. அதோடு சின்னக் கம்பெனியை யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை, அதனால் அதன் உண்மையான மதிப்பு விலையில் பாதிகூட வந்திருக்காது. ஒருவன் நிஜமாகவே வாங்க வரும்போதுதான் அது வெளியே தெரிகிறது, குதிக்கிறது. பெரிய கம்பெனி ஒன்றையே இன்னொருவன் வாங்க வந்தாலும் அந்த அளவுக்குக் குதிக்காது. ஏனென்றால் அதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, இருக்கிற நல்லதெல்லாம் ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டது.

அப்படியானால் வாங்கியவன் ஷேர் ஏன் இறங்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவர் லேசாகச் சிரித்தார். சின்னக் கம்பெனிக்காரன் இன்னொன்றை வாங்கும்போது தன் சொந்தக் காசு என்று பத்துத் தடவை யோசிப்பான், அதனால் சில சமயம் அவன் ஷேர் ஏறும். பெரிய கம்பெனியில் கை நிறையப் பணம், கூடவே வீறாப்பு. அதிக விலை கொடுத்துவிட்டான் என்று சந்தை முகம் சுளிக்கும். எப்போதும் அப்படி நடக்கும் என்று இல்லை, பெரும்பாலும் அப்படித்தான் என்றார். பேப்பரில் செய்தி வந்த அன்றே மாடிப்படி ஏறி வந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேனே என்றும் சொன்னார். நான் வந்திருக்க மாட்டேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

என்னைத் தின்றது வேறு ஒன்று. இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தவன். எங்கள் முதலாளி எட்டு வருஷம் முன்னால் பக்கத்தில் இருந்த சின்ன ஆலையை வாங்கினார். அந்த ஆலையில் துருப்பிடித்த இரண்டு மெஷினும் ஒழுகுகிற கூரையும்தான் இருந்தன. இன்னொரு வியாபாரி அதை வாங்கிவிடுவானோ என்ற ரோஷத்தில் எங்கள் முதலாளி இரண்டு மடங்கு கொடுத்தார். சின்ன ஆலைக்காரர் அந்தப் பணத்தில் இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் முடித்து, மாடி வீடும் கட்டினார். எங்கள் ஆலையில் அந்த வருஷம் தீபாவளிக்குச் சட்டைத் துணிகூட வரவில்லை. அப்போது டீக்கடையில் முதலாளியைப் பார்த்து அதிகமாகச் சிரித்தது யார்? நான்தான். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டாரே என்றேன். விற்றவனுக்குத்தான் லாபம், வாங்கியவனுக்குச் சுமை என்று ஊருக்கே சொன்னவன், வீட்டில் தங்கச்சி அதையே கேட்டபோது குவியல் கதை சொன்னேன்.

இப்போது யோசித்தால் தப்பு எங்கே என்று தெரிகிறது. கமிட்டியில் நெல் விற்கிறவன் பெரிய குவியலோடு சேர்ந்து கொட்டுவான். ஆனால் என் தங்கையின் நெல் ஏற்கெனவே ஒருவன் கேட்டு வந்து நிற்கிற நெல். அதைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கேட்டு வந்தவனின் கடையில் பங்கு வாங்கச் சொன்னேன். சின்னக் குவியலில் கையை விடாமலே விலை எழுதி எழுதி, சின்னது என்றால் மட்டம் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. அந்தத் திமிருக்கு அனுபவம் என்று பேர் வைத்திருந்தேன்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஷேர் ஆபீஸ் அம்மா, இருக்கிற பணத்தை இப்போதாவது எடுத்துவிடுங்கள், மனைக்கு முன்பணமாவது கொடுக்கலாம் என்றார். நான் எடுக்கவில்லை. நஷ்டத்தில் விற்றால் தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது மாதிரி ஆகிவிடும். ஏறும், பொறு என்று தங்கையிடம் சொன்னேன். அவளும் பொறுத்தாள். கார்த்திகை போனது, மார்கழி போனது. தை பிறந்து நாலாம் நாள் மனைக்காரர் என்னைக் கடைத்தெருவில் பார்த்து, திண்டிவனத்துக்காரர் ஒருவர் முழுப்பணமும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், உங்கள் தங்கச்சிக்காக இத்தனை நாள் பார்த்துவிட்டேன் என்றார். இன்னும் ஒரு மாதம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கொடுத்துவிடுங்கள் என்று நானே சொன்னேன். அவளைக் கேட்காமலே சொன்னேன்.

அன்று வீட்டில் அதைச் சொன்னபோது அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தட்டை எடுத்து வைத்து எனக்குப் பரிமாறினாள். கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ரசம் வேண்டுமா என்று கேட்டாள். என் மனைவிதான் அடுப்படியில் நின்று அழுதாள்.

அந்த மனையில் இப்போது ஒரு வீடு இருக்கிறது. அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன். கேட்கிறவர்களிடமெல்லாம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். என் தங்கச்சி என்னைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள், அந்த நம்பிக்கையை நான் கெடுத்துவிட்டேன் என்பேன். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அண்ணன் தங்கைப் பாசத்தைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். அதைக் கேட்பதில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பங்குனியில் தங்கைக்கு அவலூர்பேட்டையில் ஒரு ரெடிமேட் கடையில் தையல் வேலை கிடைத்தது. அங்கேயே ஓர் அறை வாடகைக்குப் பார்த்துக்கொண்டாள். மகளின் பள்ளிக்கூடச் சான்றிதழையும் அவளே வாங்கினாள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், ஷேர் ஆபீசுக்கு ஒரு தடவை வரணும்ணா என்றாள். அவள் பேரில் கணக்கு ஆரம்பித்தபோது போன் நம்பர் என்று கேட்ட இடத்தில் நான் என் நம்பரைத்தான் எழுதியிருந்தேன். அதை மாற்ற வேண்டுமாம்.

உரக்கடை மாடிக்குப் போனோம். அந்த அம்மா படிவத்தை நீட்டினார். தங்கை தன் நம்பரை நிதானமாக எழுதினாள். என் போனுக்கு ஆறு இலக்கத்தில் ஓர் எண் வந்தது. நான் படித்துச் சொல்ல, தங்கை அதைத் திரும்பச் சொல்ல, அந்த அம்மா தட்டினார். அதோடு அந்தக் கணக்குக்கும் எனக்கும் சம்பந்தம் முடிந்தது. பெரிய கம்பெனி ஷேர்களை அங்கேயே விற்கச் சொன்னாள். எவ்வளவு நஷ்டம் என்று அவள் கேட்கவில்லை.

கீழே இறங்கி வந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தோம். எனக்குத் தாங்கவில்லை. என்மேல் கோபம் இருந்தால் திட்டிவிடு, நம்பினவளை ஏமாற்றிவிட்டேன் என்றேன். அவள் நின்றாள். கோபம் இருப்பதாகவே முகத்தில் தெரியவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணா. பதினெட்டு வருசம் அந்தக் கம்பெனிக் கதைய கேட்டுகினு இருந்தவ நானு. உன் வூட்ல சோறு துன்னுகினு உன்னாண்ட எத்தினி வாட்டி வேணாம்னு சொல்ல முடியும்? ஒரு வாட்டிதான் சொல்ல முடியும். சொன்னேன்."

அவலூர்பேட்டை பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அறைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லி ஏறிக்கொண்டாள். அவள் என்னை நம்பி ஏமாந்தாள் என்று அதுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நம்பவே இல்லை. என் வீட்டில், ஐந்து வருஷமும், என்னிடம் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள்.